ஹானாவின் புட்டி

உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான ஒரு கண்ணாடிப் புட்டி. அதன் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் கறுத்துப்போன ரப்பர்க் குழாய். குழாய் நுனியில் எலும்பில் கடைந்த சின்ன மொட்டு. இது எதற்கு என்று உங்களால் சொல்ல முடியுமா?

என்னால் முடியவில்லை. எனிட் பாராக்ளஃபாலும் முடியவில்லை. இங்கிலாந்தின் யார்க்ஷயரில், மூடிக் கிடக்கும் ஒரு கம்பளி மில்லுக்குப் பின்னால் அவர் வீடு. அதன் மாடி அறையில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். அவருக்கு வயது எழுபத்தொன்பது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குப் பேச்சுத்துணை அவர், அவருக்கு நான்.

புட்டி அவருடைய கொள்ளுப்பாட்டி ஹானாவுடையது. விக்டோரியா ராணி காலத்தில், மில் வேலைக்குப் போன பெண்கள் கைக்குழந்தைகளை ஹானாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மூன்று வருஷத்தில் ஏழு குழந்தைகள் செத்தன. ஹானா விஷம் கொடுத்தாள் என்றது ஊர். நிரூபணம் இல்லை, வழக்கும் இல்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை. ஊர் வரலாற்றுச் சங்கத்தில் தேநீர் ஊற்றுகிற முறைப் பட்டியலில் இன்றைக்கும் எனிட் பெயர் கிடையாது. கேட்டால், சும்மா தமாஷுக்கு என்பார்கள்.

அந்தச் சங்கம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கூடும். யாராவது வீட்டிலிருந்து பழைய சாமான் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். மற்றவர்கள் அது என்ன என்று ஊகித்துத் துண்டுச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போடுவார்கள். சரியாகச் சொன்னவருக்கு ஒரு ஜாம் பாட்டில்.

இந்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுபோக எனிட் புட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டே கேட்டார். "செல்வின், இது விஷம் குடுக்கிற சாமானா இருந்தா என்ன பண்றது?"

"அப்ப எதுக்குக் கொண்டு போறீங்க?"

"அவ செஞ்சாளா இல்லையான்னு சாகறதுக்குள்ள எனக்குத் தெரியணும்ப்பா."

அன்றைக்குச் சங்கத்தில் சீட்டுகளைப் படித்தவர் கில்பர்ட் ஹார்ஸ்ஃபால். ஆடு வளர்த்து ஓய்ந்தவர். செத்த ஏழில் இரண்டு அவர் குடும்பத்துக் குழந்தைகள். ஏழு பெயரும் பொறித்த கல்லறைக் கல்லைத் துடைத்துப் பராமரிப்பதும் அவர்கள்தான்.

"காதுல எண்ணெய் விடறதுக்கு. இது யாரு, பெர்சியா? உன் காதுக்கு இந்தக் குழாய் பத்தாது." எல்லாரும் சிரித்தார்கள். "அடுத்தது, தேனீக்குப் புகை போட. அடுத்தது என்னோடது. ஆள் தூங்கும்போது தொண்டையில விஷம் இறக்க." எனிட்டைப் பார்த்துக் கண்ணடித்தார். "கோவிச்சுக்காதம்மா, தமாஷ்."

ஐரிஸ் மட்டும் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் பிரசவம் பார்த்த நர்ஸ்.

"இது பால்புட்டி," என்றார். "குழந்தையைத் தொட்டில்ல போட்டு மொட்டை வாயில வச்சிட்டா அதுவே உறிஞ்சிக்கும். பக்கத்துல உக்கார வேணாம். அந்தக் காலத்துல இது பெரிய நாகரிகம்."

குழாயை லேசாக வளைத்தார். படக்கென்று முறிந்தது. உள்ளே சுற்றிலும் கறுப்பும் பழுப்புமாகக் காய்ந்த பொருக்கு.

"இதுக்குள்ள பிரஷ் போகாது. பழைய பால் அழுகி அங்கேயே கிடக்கும். புதுப் பால் அது வழியாத்தான் குழந்தை வாய்க்குப் போகணும். இதனால எத்தனை குழந்தைங்க செத்துச்சுன்னு எங்களுக்குப் பாடமே உண்டு."

பெர்சி கடித்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டார்.

கில்பர்ட் புட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இரு. இதுல ஊசியால என்னமோ கீறியிருக்கு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஏ.எச். எங்க ஏமஸ்! எல்.எச். லிடியா. கல்லுல இருக்கிற அதே வரிசை!" அவர் கழுத்தெல்லாம் சிவந்தது. "பாத்தியா எனிட்? கொன்னதுக்குக் கணக்கு வச்சிருக்கா உங்க ஆளு! இ.சி., அது ஈனா கிராப்ட்ரீ. அடுத்து ஆர்.பி."

அங்கே நின்றுவிட்டார்.

"ஆர்.பி. யாரு? கல்லுல அப்படி யாரும் இல்லையே."

எனிட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ரூத் பாராக்ளஃப். பதினோரு வாரத்துல போயிட்டா. காய்ச்சல்னு எங்க வீட்டு பைபிள்ல, பிறப்பு இறப்பு குறிக்கிற பக்கத்துல எழுதியிருக்கு."

"உங்க பைபிள்லயா? அப்ப அது..."

"ஹானா பெத்த பொண்ணு, கில்பர்ட்."

வெந்நீர்க் கொப்பரை கொதித்துக்கொண்டே இருந்தது. யாரும் அதை அணைக்கப் போகவில்லை.

எனிட் புட்டியைக் கையில் வாங்கினார். மனசு லேசாகியிருக்கும், இப்போது அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. கீறிய எழுத்துகள் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனார்.

"ரூத்துக்கு அப்புறமும் நாலு பேர் இருக்கு," என்றார். "தன் குழந்தையைப் புதைச்சிட்டு வந்து, இதைக் கழுவி வச்சு, திரும்ப நாலு குழந்தைக்குக் குடுத்திருக்கா. ஐரிஸ், யாருமே அவகிட்ட சொல்லலையா?"

"டாக்டருங்க சொல்லிட்டுதான் இருந்தாங்க. இந்தத் தெரு வரைக்கும் வந்து யாரு சொன்னா?"

"அப்ப குடுத்தது அவதான்."

"ஆமா. ஆனா தெரியாம."

"எனிட், எங்க அப்பா சொன்னதைத்தான் நான்..." என்று ஆரம்பித்தார் கில்பர்ட். அந்த மனுஷன் பேச்சுக்குத் தடுமாறி நான் பார்த்ததில்லை. எனிட் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. முறிந்த குழாயையும் சேர்த்துத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். ஜாம் பாட்டிலை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு கில்பர்ட் வந்து கதவைத் தட்டினார். மூன்று தடவை தட்டினார். எனிட் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். திறக்கவில்லை.