இத்துடன் இணைத்திருப்பது என் முகம்

கண்காணிப்பாளர் பதவி கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குடிநீர் வாரியத்தின் கிளை அலுவலகம் ஒன்றில் நான்கு மேசைகளுக்கு நான் தலைவன். அந்த நான்கில் ஒன்று என்னுடையதே.

பதவி வந்த ஆறாவது மாதம் தலைமை அலுவலக அதிகாரியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பழுதான மீட்டர்களின் பட்டியலைக் கேட்டிருந்தார். என் கண் அந்தக் கேள்வியில் நிற்கவில்லை. அடியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் நெற்றி பளபளக்க அவருடைய புகைப்படம் இருந்தது. அதை ஒவ்வொரு முறையும் ஒட்டவேண்டியதில்லையாம். 'கையொப்பம்' என்ற இடத்தில் ஒருமுறை ஏற்றிவிட்டால், எந்த மடல் அனுப்பினாலும் பெயர், பதவி, தொலைபேசி எண்ணோடு படமும் தானாகவே அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். இவருக்கு இருக்கும்போது எனக்கு என்ன குறைச்சல் என்று தோன்றியது. என் மனைவியிடம் கேட்டிருந்தால் குறைச்சல்களை வரிசையாக எழுதிக் கொடுத்திருப்பாள்.

அன்று மத்தியானம் மீட்டரம்மா என் மேசைக்கு வந்தார். மீட்டர் பிரிவைக் கவனிப்பதால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். கையில் இடமாறுதல் விண்ணப்பம். அவருடைய கணவரும் ஐந்து வயது மகளும் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில் இருந்தார்கள். பேருந்தில் ஐந்து மணி நேரம். சனிக்கிழமை போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார். இப்போது அங்கே ஓர் இடம் காலியாகியிருந்தது.

"பதினஞ்சாம் தேதி நாலு மணிக்குள்ள போய்ச் சேரணும் சார். நீங்க சிபாரிசு பண்ணி மெயில்ல அனுப்பினாத்தான் எடுத்துப்பாங்க. இதை விட்டா அடுத்து மூணு வருஷம் ஆகும்னு சொல்றாங்க."

"அதுக்கென்னம்மா, இன்னிக்கே அனுப்பிடறேன்."

அன்று தேதி ஆறு. விண்ணப்பத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். அடியில் ஒரு நல்ல படத்தோடு அனுப்பினால் சிபாரிசுக்கே ஒரு கனம் வரும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

படம் என்ன லேசில் அமைந்துவிடுமா? ஸ்டுடியோக்காரர் "கொஞ்சம் சிரிங்க சார்" என்றார். சிரித்தேன். கேமராவை இறக்கிவிட்டு, "சிரிக்காமலே எடுத்துடலாம்" என்றார். மனைவியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏங்க, உங்களைவிட சட்டை நல்லா வந்திருக்கு" என்றாள். அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

படத்தைக் கையொப்பத்தில் ஏற்றிச் சோதனைக்காக எனக்கே ஒரு மடல் அனுப்பினேன். திரை முழுக்க என் மூக்கு மட்டும் தெரிந்தது. மறுநாள் சுருக்கினேன், முகம் இருந்த இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. அதற்கு மறுநாள் பின்னணியை அழிக்கப்போய் இடது காதும் சேர்ந்து அழிந்தது. காதை மீட்க இரண்டு நாள் பிடித்தது. இத்தனை நாளில் மீட்டரம்மா ஒரு தடவைகூட விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இன்னிக்கே என்று நான் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருந்தார்.

பதினைந்தாம் தேதி காலையில் படம் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. எனக்கு நானே எட்டு மடல் அனுப்பி எட்டையும் திறந்து பார்த்தேன். மூன்றரை மணிக்குத்தான் விண்ணப்பத்தின் ஞாபகம் வந்தது. அலறிப் புடைத்துக்கொண்டு ஸ்கேன் செய்தேன். 'என் மனமார்ந்த சிபாரிசுடன் விண்ணப்பத்தை இத்துடன் இணைத்துள்ளேன்' என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய மடல்களின் வரிசையில் அதற்குப் பக்கத்தில் கிளிப் அடையாளம் இருந்தது. இணைப்பு இருந்தால்தான் அந்தக் கிளிப் வரும். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

கையொப்பத்தில் இருக்கும் படத்தையும் கணினி இணைப்பாகவே எண்ணும் என்பது எனக்குத் தெரியாது. நான் விண்ணப்பத்தை இணைக்கவே இல்லை. கிளிப் என் முகத்துக்கு விழுந்தது.

மூன்றே முக்காலுக்கு மீட்டரம்மா வேகமாக வந்தார்.

"சார், ஹெட் ஆபீஸ்லேருந்து கிளார்க் ஃபோன் பண்ணினாரு. உங்க மெயில்ல உங்க போட்டோ..."

"பாத்துட்டாங்களா?" என் முகம் மலர்ந்துவிட்டது. "என்ன சொன்னாரு?"

"இல்ல சார், அதுல போட்டோ மட்டும்தான்..."

"போட்டோ மட்டும் இல்லம்மா, கூடவே பதவி, ஃபோன் நம்பர் எல்லாம் வரும். உக்காருங்க, எப்படின்னு காட்டறேன். உங்களுக்கும் ஒண்ணு போட்டுடலாம்."

அவர் உட்காரவில்லை. நான் விடவில்லை. அளவு, பின்னணி, காது என்று ஒன்று விடாமல் விளக்கினேன். இடையில் நான்கு முறை "சார்" என்றார். ஆர்வமாகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"சார்!" ஆறு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "விண்ணப்பம் அதுல இல்ல சார்! உங்க மூஞ்சிதான் இருக்கு!"

நான் பதறி, இணைத்து, மறுபடி அனுப்பியபோது மணி நான்கு அடித்து நான்கு நிமிடம். நேரம் கடந்துவிட்டது என்று தானாகவே ஒரு பதில் வந்தது. அதில் யாருடைய படமும் இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. "கிளார்க் இன்னிக்குத்தான் மெயிலைத் திறந்திருப்பாரு போல. முன்னாடியே பாத்திருந்தா அப்பவே சொல்லியிருப்பாரு" என்று யாரோ ஒரு குமாஸ்தாமேல் வருத்தப்பட்டார். மடல் ஆறாம் தேதியே போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை. கோழை என்ற சொல் எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்.

மறுநாள் விடியற்காலை பேருந்து பிடித்துத் தலைமை அலுவலகம் போனேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது என்று யோசிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த முகம் முந்தைய நாளே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தபால் பிரிவுக் குமாஸ்தா என்னைப் பார்த்ததுமே, "வாங்க சார், நீங்கதானே அந்த இணைப்பு?" என்றார்.

விதிப்படி எல்லா இணைப்புகளையும் அவர் அச்செடுத்திருந்தார். முழுத்தாளில் என் முகம். என் நெற்றிக்கு நடுவே 'பெறப்பட்டது' என்று முத்திரை. நேரம் மூன்று நாற்பத்தொன்று.

அதிகாரியிடம் கூட்டிப்போனார். அவருடைய மடலில் நான் பார்த்த புகைப்படம் எடுத்துப் பத்து வருடமாவது ஆகியிருக்கும் என்பது அவரை நேரில் பார்த்ததும் தெரிந்தது.

"டைமுக்குள்ள ஒரு இணைப்போட வந்ததா பதிவாயிருக்கு" என்றார் அவர். "தப்பான இணைப்புன்னா மாத்திக்க விதி இருக்கு. வேற யாரும் அந்த இடத்தைக் கேக்கல. இந்த ஃபாரத்தை எழுதித் தந்தீங்கன்னா அந்தம்மாவுக்கு ஆர்டர் போட்டுடலாம்."

படிவத்தில் மூன்று கேள்விகள். விண்ணப்பம் கண்காணிப்பாளரிடம் கிடைத்த நாள். அனுப்பிய நாள். தாமதத்துக்கும் பிழைக்கும் காரணம். மூன்றாவதில் 'கணினிக் கோளாறு' என்று எழுதினேன்.

அதிகாரி படித்தார். "கோளாறுன்னா எங்க ஆளுங்க வந்து மெஷினைப் பாக்கணும். ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள இந்த இடமே கைவிட்டுப் போயிடும். பரவாயில்லையா?"

வேறொரு படிவம் வாங்கினேன். ஆறாம் தேதி, பதினைந்தாம் தேதி என்று எழுதினேன். அப்புறம், 'என் புகைப்படத்தைக் கையொப்பத்தில் சேர்க்கும் வேலையில் இருந்ததால் ஒன்பது நாள் தாமதமாயிற்று. இறுதியில் விண்ணப்பத்துக்குப் பதிலாக என் முகத்தை அனுப்பிவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா அடக்கமுடியாமல் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"விண்ணப்பதாரர் படிச்சுக் கையெழுத்துப் போடணும்" என்றார் அதிகாரி. "நாளைக்கு ஸ்கேன் பண்ணி விண்ணப்பத்தோட அனுப்புங்க. படம் வேண்டாம்."

ஐந்து மணி நேரப் பேருந்தில் அந்த ஒரு பக்கத்தை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. மறுநாள் காலை மீட்டரம்மாவிடம் கொடுத்தேன். ஆர்டர் வந்துவிடும் என்று முதலில் சொன்னேன். அவர் கண் கலங்கியது. அப்புறம் படிவத்தைப் படித்தார். முகத்தை அனுப்பிய வரிக்கு அவர் சிரிப்பார் என்று நான் நம்பியிருந்தேன். அவர் விரல் தேதிகளிலேயே நின்றுவிட்டது.

"ஒன்பது நாளா சார்?"

"ஆமாம்மா. இங்கதான் இருந்தது."

தாளை என் மேசைமேல் வைத்தார்.

"அன்னிக்கு சாயங்காலமே பாப்பாகிட்ட ஃபோன்ல சொல்லிட்டேன் சார், அம்மா பேப்பர் கிளம்பிடுச்சுன்னு. அது பஸ்ல வருதுன்னு நெனச்சுக்கிட்டா. தினமும் கேப்பா, இப்ப எங்க வந்திருக்குன்னு. ஆத்துப் பாலம் தாண்டிடுச்சு, மலையடிவாரம் வந்துடுச்சுன்னு நானும் சொல்லிக்கிட்டே வந்தேன். கடைசில நம்ம தெரு முனையில நிக்குதுன்னு சொல்லிட்டேன். வாசல்லயே உக்காந்திருந்தாளாம்."

அவர் என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வெட்கமாக இருந்தது, வேறு சொல் இல்லை.

கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார்.

"இன்னிக்கே அனுப்பிடுவீங்களா சார்?"

"இப்பவே அனுப்பறேன்மா."

சரி என்று தலையாட்டினார். ஆனால் தன் இடத்துக்குப் போகவில்லை. நான் ஸ்கேன் செய்து, விண்ணப்பத்தை இணைத்து, அதைத் திறந்து காட்டி, அனுப்பி முடிக்கும் வரைக்கும் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.