பல காரணங்கள் இருக்கலாம்

1

இந்தக் கதை என் வேலையிலிருந்து வந்தது. ஒரு செய்திச் செயலிக்கு உதவிப் பக்கங்கள் எழுதுகிறேன். எனக்குத் தெரியாததைப் பொறியாளர்களிடம் கேட்டு, பிறந்ததிலிருந்தே தெரிந்தவள் போல எழுதுவதுதான் அந்த வேலை. எங்கள் ஊர் பெரியபட்டினத்தில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். மிக்ஸி நின்றுபோனாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

2

'அம்ரீன் அழுதுகொண்டே வந்தாள்' என்று தொடங்கினேன். அவள் அழவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தாள், என்னை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்துத் தெருப் பெண். போனை நீட்டினாள். ஷார்ஜாவில் இருக்கும் கணவன் சஃபீருக்குப் பெருநாளிலிருந்து அனுப்பிய செய்திகள். எல்லாவற்றிலும் ஒற்றை டிக். [இரண்டு விழுந்தால்தான் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம்.] கால் பண்ணினாலும் போகவில்லையாம்.

"இது ஏன் ராத்தா இப்படி?"

"உதவிப் பக்கத்துல இருக்குமே."

"படிச்சேன். 'இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்'னு கிடக்கு. எந்த மவராசி எழுதுனதோ."

"நான்தான்."

"தெரியும். அதான் வந்தேன்."

3

எனக்குத் தெரிந்த காரணங்கள் இரண்டுதான். போன் அணைந்து கிடக்கிறது. அல்லது அவளை பிளாக் செய்துவிட்டான். [பிளாக் செய்ததை வெளிப்படையாகச் சொல்லக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அந்தப் 'பல' அங்கிருந்து வந்தது.]

"என் போன்லயிருந்து ஒண்ணு அனுப்பிப் பாப்பமா? ரெண்டு டிக் விழுந்தா..."

"என் தம்பியும் அதத்தான் சொன்னான். விழுந்தா, என்னை வேணாங்குறாக. விழலைன்னா, அவுகளுக்கு என்னமோ ஆகிப்போச்சு. ரெண்டும் எனக்கு வேணாம். பலன்னு எழுதிருக்கீகள்ல. மூணாவது என்ன?"

"போன் தொலைஞ்சிருக்கலாம்."

"ரூம்ல எத்தனை பேரு இருக்காக ராத்தா! ஒருத்தர் போன்கூடவா கிடைக்காது?"

4

உதவிப் பக்கம் எழுதுகிறவளுக்குத் தெரியவில்லை. கதை எழுதுகிறவளுக்காவது தெரிய வேண்டாமா? முயன்றேன்.

முடிவு, ஒன்று: சொல்லாமல் கிளம்பி வந்த சஃபீர் பெட்டியோடு வாசலில்

(வேண்டாம். இதைப் படித்தால் வாசலைப் பார்ப்பதை அவள் நிறுத்தவே மாட்டாள்.)

முடிவு, இன்னொன்று: என் போனிலிருந்து அனுப்பினேன். இரண்டாவது டிக்

இதற்கு மேல் எழுத வரவில்லை.

5

அம்ரீன் இன்னும் என் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறாள். "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். [அவசரமில்லாதவர்கள் போனை இப்படி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு உட்காருவதில்லை.]

நான் தேநீர் போட எழுந்து போகிறேன். கொதித்து இறக்கும்வரை, இதை வாசிக்கிறவரே, அவளுக்கு எதிரே இந்த இடம் உங்களுடையது. மூன்றாவது காரணம் ஒன்று வேண்டும். அதில் சஃபீர் நலமாக இருக்க வேண்டும். அம்ரீனை நினைத்துக்கொண்டும் இருக்க வேண்டும். சொல்லிவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள். அவள் திருப்பிக் கேட்பாள்.