சாட்சி சொல்ல ஆம்பளை இல்லாத ஊர்

விவாகரத்து என்ற வார்த்தை வீட்டு வாசலைத் தாண்ட வேண்டியதுதான், ஊரில் இருக்கிற அத்தனை பேரும் வக்கீல் ஆகிவிடுவார்கள். காஸாபிளாங்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பிஹி, மனைவி இஜ்ஜாவைத் தள்ளி வைக்க மனுப் போட்டிருக்கிறான் என்று கோர்ட் காகிதம் வந்ததும் அவள் கோர்ட் இருக்கும் தீஸ்னித்துக்கு பஸ் ஏறினாள். டிக்கெட் கிழிக்கும்போதே கண்டக்டர் ஆரம்பித்துவிட்டான்.

"வீட்டை விட்டு மட்டும் கால வெளிய வெச்சிராதக்கா. வெச்சே, அம்புட்டும் போச்சு."

"அவ கால்தான் இப்ப பஸ்ல இருக்கே" என்றாள் பின்சீட்டில் மடியில் கோழியோடு இருந்த ஒருத்தி. "எல்லாம் அவன் பேர்லதானே இருக்கு? மூணு மாசச் சோத்துக்குக் காசு, மனசு ஆற ஒரு தொகை. அத்தோட சட்டம் கடையை மூடிரும்."

"பாதி! பிரான்ஸுல எங்க மச்சினிக்குப் பாதி குடுத்தாங்க" என்றார் கேஸ் சிலிண்டர் விற்கிறவர்.

"இது பிரான்ஸாய்யா?"

பஸ் இரண்டாகப் பிரிந்து தீஸ்னித் வரைக்கும் சண்டை போட்டது. வழக்குக்குச் சொந்தக்காரியை ஒருவரும் கேட்கவில்லை. இஜ்ஜா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தனக்கு வேண்டியதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு பிஹி வேண்டாம். வருஷத்துக்கு ஒரு மாசம், ஆகஸ்டில், காரில் வந்து இறங்கி, தின்று, தூங்கி, தேங்காய் மூடி மாதிரி வயிற்றைத் தடவிக்கொண்டு திரும்பிப் போகிற மனுஷனை இழப்பதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியது நிலம்.

கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு இருந்தது இரண்டு அறையும் ஒரு கல் சரிவும். இன்றைக்கு மலையில் ஆறு தட்டு நிலம், ஆறிலும் பாதாம், கீழே இரும்புக் கதவு போட்ட மாடி வீடு. கடைக் காசு வந்தது உண்மை. ஆடு வளர்த்து விற்ற காசும் பாதாம் விற்ற காசும் அதே நிலத்துக்குள்தான் போனது. தட்டுக்குத் தட்டு கல் அடுக்கிச் சுவர் எழுப்பியவள் அவள். பத்திரத்தில் பெயர் மட்டும் அவனுடையது. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று; நிலம் போனால் அவளுக்கு மிச்சம் இருப்பது அண்ணன் வீட்டு அடுப்படியில் ஒரு மூலையும், அண்ணி முகத்தைப் பார்த்துப் பார்த்து ரொட்டி பிட்டுக்கொள்வதும்தான்.

வக்கீல் திஸீரி சின்னப் பெண், மலை ஊர்க்காரி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுகிற ஜாதி.

"லல்லா இஜ்ஜா, இங்க அவங்கவங்க சொத்து அவங்கவங்களுக்கு. பொதுச் சட்டம் அதுதான். பாதியெல்லாம் தானா வராது. ஆனா சம்சாரம் உழைச்சு சொத்து பெருகியிருந்தா அந்த உழைப்புக்குப் பங்கு உண்டு. நம்ம சூஸ் மலைச்சீமையில இது பாட்டன் காலத்து உரிமை, இப்ப சட்டத்துலயும் வழி இருக்கு. உழைச்சேன்னு நிரூபிக்கணும், அவ்வளவுதான்."

"என் கையைப் பாரு."

"கையை ஃபைல்ல வைக்க முடியாதே. சாட்சிப் பத்திரம் எழுதிக்கிட்டு வாங்க."

சாட்சிப் பத்திரம் எழுதுகிறவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். வெள்ளை ஜிலாபா அங்கி, நல்ல பேனா, நல்ல மனுஷர். புதினா டீ கூட ஊற்றிக் கொடுத்தார்.

"பன்னிரண்டு ஆம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு வாம்மா. இந்தப் பொண்ணு நிலத்துல பாடுபட்டதைக் கண்ணால பார்த்தோம்னு ஒவ்வொருத்தரும் சொல்லணும். எழுதிக் குடுத்துடறேன்."

இஜ்ஜா டீயைக் கீழே வைத்தாள். "எங்க ஊர்லயா? பன்னிரண்டா?"

"ஏன், பெரிய ஊர்தானே?"

"ஊர் பெரிசுதான். ஆம்பளைங்க எல்லாம் காஸாபிளாங்காவுலயும் ரபாத்துலயும் கடை வெச்சு சர்க்கரை நிறுத்துக்கிட்டு இருக்காங்க. இப்ப ஊர்ல இருக்கிறது மூணு பேரு. பள்ளிவாசல் ஓதுறவர், போன வருஷம் வந்தவர். ஆடு மேய்க்கிறவன், அவன் மேட்டுல இருந்து இறங்கறதே இல்ல. மூணாவது படுத்த படுக்கை."

"அப்ப ஆகஸ்டுல எல்லாரும் வருவாங்களே."

"வந்து? என் புருஷன் மாதிரி அவனவனுக்கும் மலையில நிலம் இருக்கு, வீட்டுல ஒருத்தி இருக்கா. எனக்குப் பங்கு கிடைச்சா அடுத்த வருஷம் எவ கேப்பாளோன்னு ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். பொம்பளைங்க இருக்காங்க ஐயா. பக்கத்து வீட்டுத் துதா இருக்கா, முழு ஊரும் இருக்கு. தினம் என்கூட நின்னவங்க."

அவர் சங்கடப்பட்டுத் தாடியைத் தடவினார். "நாங்க எழுதற வழக்கம் அது இல்லம்மா."

"நான் உழைச்சதைப் பார்த்தவங்க சொல்லக் கூடாது. பார்க்காதவங்க சொல்லலாம். அப்படித்தானே?"

அவர் இன்னொரு டம்ளர் டீ ஊற்றினார். சட்டம் படித்தவர்கள் மாட்டிக்கொண்டால் டீதான் ஊற்றுவார்கள்.

திஸீரி கண்ணாடியைத் தலையிலிருந்து கண்டெடுத்து, வேறு மனு எழுதினாள். கோர்ட் ஒரு நிபுணரை ஊருக்கே அனுப்பட்டும், நிலத்தைப் பார்க்கட்டும், இரண்டு பேரையும் கேட்கட்டும் என்று. நீதிபதி ஒத்துக்கொண்டார். பிஹியின் பக்கத்திலிருந்தும் பதில் வந்தது: நிலத்தை வாங்கியவன், ஆள் வைத்துப் பயிர் செய்தவன், விவசாயம் முழுவதையும் நேரிலும் தொலைபேசியிலும் நடத்தியவன் தான் ஒருவனே, மனைவி வீட்டில் இருந்தாள், சாப்பிட்டாள்.

"சாப்பிட்டாளாம்" என்றாள் துதா. "என்ன சாப்பிட்ட, சொல்லேன். கல்லா, மண்ணா?"

நிபுணர் வருகிற செவ்வாய்க்கிழமைக்கு முந்தின சாயங்காலமே பிஹி வந்து சித்தப்பா மகன் வீட்டில் தங்கினான். காலையில் அவனைப் பார்த்ததும் இஜ்ஜாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வெள்ளை வெளேரென்று ஸ்போர்ட்ஸ் ஷூ, தலையில் வைக்கோல் தொப்பி, தோளில் புத்தம் புது மண்வெட்டி. பிடியில் கடை ஸ்டிக்கர் இன்னும் இருந்தது.

"உடம்பு எப்படி இருக்கு?" என்றான்.

"உயிரோட இருக்கு. உன் தொப்பி எப்படி இருக்கு?"

நிபுணர் அகாதிர் நகரத்திலிருந்து வந்திருந்தார். தோளில் கேமரா, கையில் அளவு நாடா. வந்தவுடனே மலை ஏறியதில் மூச்சு வாங்கியது. பிஹி அவருக்கு முன்னால் போய் நின்று, மலைக்கே தான்தான் தகப்பன் என்கிற மாதிரி கையை வீசிக் காட்டினான்.

"இதெல்லாம் நம்ம கை வெச்சதுதான் சார். மண்ணு நம்ம பேச்சைக் கேக்கும். ஃபோன்ல சொன்னாக்கூட கேக்கும்."

"தண்ணி எப்படி?" என்று கேட்டார் நிபுணர்.

"தண்ணிதானே? இதோ, உங்க கண்ணு முன்னாடியே பாய்ச்சிக் காட்டறேன்."

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே தொட்டி இருக்கும் திசையில் நடந்தான். ஊற்றுத் தண்ணீர் அந்தக் கல் தொட்டியில் நிறைந்து, வாய்க்கால் வழியாக முறை வைத்து ஒவ்வொரு வீட்டு நிலத்துக்கும் போகும். இஜ்ஜாவின் முறை வியாழக்கிழமை. செவ்வாய் துதாவுடையது. துதா விடிவதற்கு முன்பே மடை திறந்து, கீழே தன் வெங்காயப் பாத்தியில் நின்றுகொண்டிருந்தாள். பிஹி நேராகப் போய் அந்த மடையில் மண்வெட்டியை வைத்தான்.

இஜ்ஜாவின் வாய் தானாகத் திறந்தது. பழக்கம் அப்படி. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்: வர்றது அப்துல்லாவோட மருமக, நலம் கேளு, அந்த மரம் நம்மளது இல்ல, கைய எடு, இந்த வரப்போட நம்ம எல்லை முடிஞ்சுது, இதுக்கு மேல பேசாத. ஊருக்கு முன்னால் புருஷன் அசடு வழியக் கூடாது என்று அத்தனை வருஷமும் கட்டிக்காத்த மானம் அது. இப்போதும் நாக்கு நுனியில் வந்து நின்றது: ஐயோ, அது துதா தண்ணி.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான். கல் சுமப்பது சுலபம்.

பிஹி ஒரு மடையை அடைத்து இன்னொன்றை வெட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று போட்டோவுக்குச் சிரித்தான். தண்ணீர் அவன் தட்டுப் பக்கம் ஓடியது. கீழே துதாவின் பாத்தியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் பாதி வெங்காயத்தோடு நின்றது.

முதலில் குரல் வந்தது. பிறகு கையில் அரிவாளோடு துதா வந்தாள்.

"எவடீ அவ என் தண்ணிய வெட்டினவ?" என்று கத்திக்கொண்டே வந்தவள், தொப்பியைப் பார்த்து நின்றாள். "அடப்பாவி, நீயா! செவ்வாக்கிழமை யார் முறைன்னு இந்த ஊர்க் கழுதைக்குக்கூடத் தெரியும்டா!"

"இது என் நிலம்—"

"உன் நிலத்துக்கு வியாழக்கிழமைடா தண்ணி! உன் பொண்டாட்டி ஒரு வியாழக்கிழமைகூட ஒரு சொட்டு அதிகமா எடுத்ததில்ல. பிள்ளை பெத்த நாலாம் நாள் இந்த மடையில வந்து நின்னா, நான் போய் உக்காருடீன்னேன். ஃபோன்லயா மடை திறப்ப நீ?"

சத்தம் கேட்டு அடுத்த தட்டுகளிலிருந்து ஒவ்வொருத்தியாக ஏறி வந்தார்கள். முதுகில் புல் கட்டோடு, கையில் களைக்கொத்தோடு, ஒருத்தி மாவு பிசைந்த கையோடு. தண்ணீர் விஷயத்தில் இந்த ஊர்ப் பெண்களிடம் யாரும் விளையாடக் கூடாது, கோர்ட் அனுப்பின ஆளானாலும்.

"மூணாவது தட்டுச் சுவரு மழையில சரிஞ்சப்ப அவகூடக் கல்லு தூக்கினது நானு. இவன் எங்க இருந்தான்?"

"அந்தப் பாதாம் கன்னு அத்தனையும் தஃப்ராவுத் சந்தையில ஆடு வித்து வாங்கினா. நானும் கூடத்தான போனேன். என் கழுதைல ஏத்திக்கிட்டு வந்தோம்."

"உன் அம்மாவுக்கு ரெண்டு வருஷம் பீ மூத்திரம் அள்ளினவடா அவ! நீ என்ன அனுப்பின? ஒரு பெட்டி பிஸ்கட்டு!"

"அதுவும் தேதி முடிஞ்ச பிஸ்கட்டு!"

பிஹி இரண்டடி பின்னால் போனான். வாய்க்கால் சேற்றில் வெள்ளை ஷூ கணுக்கால்வரை இறங்கியது. நிபுணர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்திருந்தார்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்கம்மா. கல்லு தூக்கினேன்னு சொன்னது யாரு? உங்க பேரு?"

"சார், நீங்க நிலம் அளக்கத்தானே வந்தீங்க?" என்றான் பிஹி.

"பார்த்ததையும் கேட்டதையும் எழுதச் சொல்லித்தான் கோர்ட் அனுப்பியிருக்கு. காது நல்லாத்தான் கேக்குது. நீங்க அந்தச் சேத்துலேந்து வெளிய வாங்க."

இஜ்ஜா ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள். அவள் உழைப்பை அவளுக்கு முன்னால் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அதுவும் வசவாக. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் துதாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கத் தோன்றியது. கையில் அரிவாள் இருந்ததால் கொடுக்கவில்லை.

தீர்ப்பு வந்தது. விவாகரத்து கிடைத்தது. மூன்று மாதச் செலவும் ஒரு தொகையும் வந்தன, பஸ்ஸில் கோழிக்காரி சொன்னபடியே. கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த ஆறு தட்டில் கீழே இருக்கும் மூன்று இஜ்ஜாவுக்கு, மேலே மூன்று பிஹிக்கு. மாடி வீட்டில் கீழ்த்தளமும் அவளுக்கே. பிஹியின் வக்கீல் மேல்முறையீடு என்று ஆரம்பித்தார். பிஹி அவரைக் கையமர்த்தினான். நிபுணருடைய அறிக்கையை இன்னொரு கோர்ட்டில் உரக்க வாசிக்க விடுவதில் அவனுக்கு இஷ்டமில்லை.

வெளியே வராந்தாவில் இஜ்ஜாவும் திஸீரியும் நின்றார்கள். பிஹி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். நல்ல ஷூ போட்டிருந்தான், இது கறுப்பு.

"சரி, முடிஞ்சது முடிஞ்சுபோச்சு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

"வெச்சுக்கல."

"மேல மூணு தட்டுல பாதாம் வெடிக்கிற நேரம் வருதே."

"ஆமா. இந்த வருஷம் நல்ல காய்ப்பு."

"நான் கடையை விட்டுட்டு வர முடியாது." தொண்டையைச் செருமிக்கொண்டான். "எப்படியும் நீ உன்னோடதப் பறிக்கப் போவேல்ல? அப்படியே மேல ஒரு நடை போனீன்னா... எப்பவும் செய்யறதுதானே."

திஸீரி சட்டென்று திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த ஏதோ நோட்டீஸைப் படிக்க ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கியது. இஜ்ஜாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் கேட்டதில் ஒரு நியாயம்கூட இருந்தது: மரத்தில் காய் வீணாகக் கூடாது.

"செய்யறேன்" என்றாள். "கூலி என்ன தருவே?"

"கூலியா?"

"கூலிதான். நாள் கணக்கா, மூட்டைக் கணக்கா? தண்ணி பாய்ச்சறது தனி. சுவர் சரிஞ்சா அது தனி."

ஒற்றை சிகரெட்டுக்கு விலை வைத்திருக்கிறவன், தக்காளி விழுதைக் கரண்டிக் கணக்கில் விற்கிறவன், பாதி ரொட்டிக்கும் தீப்பெட்டிக்கும் தூக்கத்தில்கூட விலை சொல்லுகிறவன் வாயைத் திறந்தான். விலை எதுவும் வரவில்லை. மறுபடி மூடினான்.

"அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு" என்றாள் இஜ்ஜா. "முன்பணம் குடுத்தாத்தான் கூடை தூக்குவேன்."