இஷ்பெல் மேடையைவிட்டு இறங்கினாள்

1
கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் எங்கள் ஊர் நடனக்கூடத்தின் சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான் இந்தக் கதை. மீதியைப் பிறகு இஷ்பெலே சொன்னாள்.

2
முதல் தொடக்கம்: ‘அவள் ஃபிடில் வில்லை எடுத்தபோது காற்றே—’

இல்லை. காற்று ஒன்றும் செய்யவில்லை.

இஷ்பெல் கில்லிஸ், ஃபிடில்காரி, இருபத்திரண்டு வயது. கல்லூரித் தோழி ஹர்லீனின் பஞ்சாபி டோல் மேளத்தோடு எங்கள் ரீல்களைச்* சேர்த்து வாசிப்பதென்று முடிவுசெய்திருந்தாள். பியானோ வாசிக்கும் அண்ணன் லாக்கிக்குத்தான் இதில் இஷ்டமில்லை.

“ஆடுறவங்க கால் நின்னுச்சுன்னா நம்மள மறுபடி கூப்பிட மாட்டாங்கடி.”

“நின்னா நான் ஓட வைக்கிறேன்.”

(* ரீல் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? உட்கார்ந்திருக்க விடாத இசை.)

3
டோல் நுழைந்ததும் ஜோடிகள் தடுமாறின, பிறகு நின்றேவிட்டன. ஊரிலேயே நன்றாக ஆடும் ஆர்ச்சி மெக்கின்னன் இடுப்பில் கைவைத்தார்.

“ஃபிடிலே கேக்கல. இதுல காலை எங்கம்மா வைக்கிறது?”

சிரிப்பு. ஹர்லீனின் குச்சி அடங்கியது.

“கேக்கலன்னா பாருங்க,” என்றாள் இஷ்பெல். வாசித்தபடியே படியிறங்கி, மரத்தரையில் குதிகால் தட்டி ஆடத் தொடங்கினாள்.

“நிறுத்தாத ஹர்லீன்! என் காலப் பாத்து அடி!”

டோல் இப்போது தணிந்து, அவள் காலடிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது.

[இங்கே அவள் கண்ணில் நீர் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, “வேர்வைன்னு போடுங்கக்கா” என்றாள். போட்டுவிட்டேன்.]

4
முடிவு ஒன்று: கூடமே எழுந்து ஆடியது. பொய்.
முடிவு இரண்டு: எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதுவும் பொய்.

இரண்டு ஜோடிகள் ஆட வந்தன. சற்றுப் பொறுத்து இன்னொன்று. ஆர்ச்சி மட்டும் சுவரோரம், கைகளைக் கட்டிக்கொண்டு. இஷ்பெல் வாசித்துக்கொண்டே அவர் எதிரில் போய் நின்றாள்.

“அடுத்த வாரமும் இதத்தான் வாசிப்பேன்.”

“கூப்பிட்டாத்தானே?”

“கூப்பிடலன்னா வெளிய, வண்டி நிறுத்துற எடத்துல.”

ஆர்ச்சி கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார்.

அவை துணையைத் தேடி நீண்டனவா, கோட்டைத் தேடியா? நான் எழுதப்போவதில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இஷ்பெலும் அதைப் பார்க்கக் காத்திருக்கவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, அடுத்த ரீலுக்குள் போய்விட்டிருந்தாள்.