முதல் ‘போதும்’

ஆஸ்பத்திரியில் அவள் இரண்டாவது ஸ்பூன் கஞ்சியை ஊதி ஆற்றிக் கணவரின் உதட்டருகே கொண்டுபோனபோது அவர் “போதும்” என்றார்.

அவர்கள் வீட்டில் முதல் ‘போதும்’ செல்லாது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவர் ‘போதும்’ என்று தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டுவார். அந்தக் கையின் மேலேயே கொட்டிவிடுவதுபோல் அவள் கரண்டியைச் சாய்ப்பாள். கை விலகும், சோறு விழும். அதற்குப் பிறகு வருவதுதான் நிஜமான போதும். விருந்தாளிக்கும் இதே சட்டம்தான். முதல் போதுமைக் கேட்டதும் நிறுத்துகிறவள் கஞ்சப்பிசினாறி என்று மாமியார் சொல்லிக்கொடுத்திருந்தார். மாமியார் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகியும் சட்டம் போகவில்லை.

ஆகவே அவள் ஸ்பூனைப் பின்னுக்கு எடுக்கவில்லை. “இது ஒண்ணுதான். வாயைத் திறங்க” என்றாள்.

திறந்தார். கஞ்சியைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கனமான எதையோ தூக்கப் போகிறவர்போல் மூச்சைப் பிடித்து விழுங்கினார். அவள் கிண்ணத்தைக் கழுவ வெளியே போனாள். திரும்பி வருவதற்குள் நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தாள். மணி ஒன்பதே கால்.

டாக்டரிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கஞ்சியாலயா என்று. அவர் இளவயசுக்காரர், பொறுமையானவர். வயிற்றில் கட்டி முற்றிப்போய் எட்டு நாள் முன்னால்தான் வந்து சேர்ந்தார்கள், இதற்குமேல் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று விளக்கிவிட்டு, “நீங்க குடுத்த கஞ்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் சம்பந்தமே இல்லை என்றது ஆறுதலாக இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அவருக்கும் அவளுக்கும் இருந்த சம்பந்தம் பெரும்பாலும் கரண்டியும் தட்டும்தான்.

டயர் பட்டறையில் அவருக்கு ‘ரெண்டாள்’ என்று பெயர். லாரிச் சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு வருவதற்கு மற்றவர்கள் இரண்டு பேர் கைபோட வேண்டும், அவர் தனியாகச் செய்வார். இரண்டு ஆள் வேலை, இரண்டு ஆள் சாப்பாடு. ‘ரெண்டாள் வந்தாச்சு, இன்னொரு பானை ஏத்துங்க’ என்று கல்யாண வீடுகளில் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே உட்காருவார். அவளுக்கு அது பெருமை. புதுப்பெண்ணாக வந்தபோது மாமியார் சொன்ன வார்த்தை அவளுக்கு மறக்கவில்லை. “என் மகன் சாப்பாட்டுல குறை வெச்சான்னா வியாதி அவனுக்கு இல்லம்மா, உன் கைக்கு.” அதனால் வெறும் தட்டைப் பார்த்தால்தான் அவளுக்கு அன்றைய பரீட்சையில் பாஸ். தன் தட்டை யாரும் பார்த்ததில்லை. மிச்சம் இருந்தால் சோறு, இல்லாவிட்டால் வடித்த தண்ணீரில் உப்பு. பொம்பளை வயிறு சொன்னபடி கேட்கும் என்பது அந்த வீட்டின் இன்னொரு சட்டம்.

எட்டு நாள் முன்னால் பட்டறையில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று இதே டாக்டர்தான், எத்தனை மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று கேட்டார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “இவரா? நாலு அடுக்கு கேரியர் தினமும் கழுவி வெச்ச மாதிரி திரும்பி வரும் டாக்டர். வேணும்னா பட்டறையில கேட்டுப் பாருங்க” என்றாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நோயாளியைப் பார்த்தார். நோயாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளைத்தது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. ராத்திரியில் வயிற்றைக் காலியாக வைத்தால் ஆயுசு கூடும் என்று போன் வீடியோவில் ஒருத்தன் சொல்கிறான் என்று ஒன்றரை வருஷம் முன்னால் ஆரம்பித்தார். ராத்திரிக்கு அரை டம்ளர் பால். காலையில் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவதால் பலகாரம் டீக்கடையில். சரி, மத்தியானமாவது நன்றாகச் சாப்பிடட்டும் என்று அவள் கேரியரில் இன்னும் அழுத்தி வைத்தாள். அதுவும் காலியாகி வந்தது. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைப்பவள் அவள். அவருடைய பேண்ட்டுகளை இரண்டு தடவை இடுப்பில் பிடித்துத் தைத்தாள். இரண்டாவது தடவை, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, “என்ன, மறுபடியும் மாப்பிள்ளை ஆகப் போறீங்களா?” என்று கேட்டாள். தெருவில் எல்லோரும் ஆள் பத்து வயசு குறைஞ்சுட்டார் என்றார்கள். அந்த வீடியோவை அனுப்பச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள்.

சுடுகாட்டு வண்டி மூன்று மணிக்கு வீட்டிலிருந்து அவரை எடுத்துக்கொண்டு போயிற்று. மகனுக்குக் கப்பலில் வேலை. வந்து சேர ஒரு வாரமாகும். அதற்குக் காத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். போன் லைன் விட்டு விட்டு வந்தது. அவன் அழுகையை அடக்கிக்கொண்டு, அப்பா கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டான்.

“கஞ்சி. ரெண்டு ஸ்பூன்.”

“ரெண்டா? நல்லா சாப்பிட்டாரா?”

“ம்.”

“நீ ஏதாவது சாப்பிட்டியாம்மா?”

அதற்கும் ‘ம்’ என்றாள். அப்போதுதான் அது அவளுக்கே உறைத்தது. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பசித்தது. சாதாரணப் பசி இல்லை. வயிற்றுக்குள் யாரோ பாத்திரத்தை உருட்டுவதுபோல் இருந்தது. வெளியே கேட்டுவிடுமோ என்று இரண்டு முறை இருமினாள்.

ஆண்கள் வண்டியோடு போய்விட்டார்கள். கூடத்தில் பெண்கள் மட்டும். நாத்தனார் வீட்டிலிருந்து பெரிய பாத்திரத்தில் சோறும், தூக்கில் குழம்பும் வந்திருந்தன. பக்கத்து வீட்டுக்காரி ஒரு தட்டில் போட்டு அவள் முன்னால் வைக்க வந்தாள். நாத்தனார் தடுத்துவிட்டார். இறந்தவருக்கு அக்கா, நல்ல மனுஷி, காலையிலிருந்து அழுது தொண்டை கட்டியிருந்தது.

“அவளைப் போட்டு வற்புறுத்தாதீங்க. அவ்வளவு ஆக்கிப் போட்ட கை. அவளுக்கு இன்னைக்கு எப்படி இறங்கும்?”

எல்லோரும் ஆமாம் என்பதுபோல் அவளைப் பார்த்தார்கள். தட்டு அவள் கண்ணுக்கு முன்னாலேயே திரும்பிப் போயிற்று. குழம்பின் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. வாயில் எச்சில் ஊறியதை நினைத்து அவளுக்குக் கூசியது. ஒரு டம்ளர் டீ கொடுத்தார்கள். அதைக்கூட ஒரே மூச்சில் குடித்துவிடாமல் நாலு தடவை கீழே வைத்து வைத்துக் குடித்தாள்.

ஐந்து மணிவாக்கில் ஆண்கள் திரும்பினார்கள். வெல்டர் மட்டும் முன்வாசல் நாற்காலியில் உட்காராமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். பட்டறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் வேலை செய்பவர். முன்பெல்லாம் ஓணான் மாதிரி ஒல்லியாக இருப்பார். இப்போது சட்டைப் பொத்தானுக்கு நடுவில் தொப்பை தெரிந்தது. கையில் அவளுடைய கேரியர்.

“அண்ணன் விழுந்த அன்னைக்கு அங்கேயே இருந்துடுச்சு அக்கா. கழுவிட்டேன்” என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் போகவில்லை. காலால் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைத் தூக்காமலே சொல்ல ஆரம்பித்தார். ரெண்டாளுக்கு ஒன்றரை வருஷமாகவே சாப்பாடு இறங்கவில்லையாம். நாலு வாய் வைத்தால் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வருவாராம். முதலில் தெரு நாய்க்குப் போட்டாராம். உங்க அக்கா சமைத்ததை நாய்க்குப் போடுவதற்கு மனசு வரவில்லை, நீ சாப்பிடுடா என்று ஒருநாள் கேரியரை இவரிடம் தள்ளிவிட்டாராம். அதிலிருந்து தினமும் இவர்தான்.

“அவர் என்ன சாப்பிட்டாரு?”

“டீக்கடையில பன்னு. டீயில ஊற வெச்சு. அதுவும் பாதி.”

அவள் கேரியரின் கைப்பிடியைச் சாய்த்தாள், நிமிர்த்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போங்க அண்ணே என்று தான் எத்தனையோ தடவை சொன்னதாக வெல்டர் சொன்னார். போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பாராம். ‘ரெண்டாள்னு பேர் வெச்சுக்கிட்டு ரெண்டு வாய் இறங்கலன்னு எப்படிடா சொல்றது’ என்று சிரிப்பாராம்.

“சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி மட்டும் மறக்காம என்கிட்ட கேப்பாரு அக்கா. இன்னைக்கு என்ன குழம்பு, எப்படி இருந்துச்சு, உப்பு சரியா இருந்துச்சான்னு. வீட்டுல கேப்பா, சொல்லணும்டான்னு.”



தினமும் அவர் செருப்பைக் கழற்றும்போதே அவள் கேட்பாள், எப்படி இருந்துச்சு என்று. முன்பெல்லாம் ‘ம், நல்லாத்தான் இருந்துச்சு’ என்பதோடு சரி. இந்த ஒன்றரை வருஷத்தில்தான் மனுஷர் வாயைத் திறந்து விவரமாகச் சொன்னார். இன்னைக்கு உப்பு ஒரு கல்லு தூக்கல். முட்டை இன்னும் ரெண்டு நிமிஷம் வெந்திருக்கலாம். கீரை அமிர்தம், அடிக்கடி பண்ணு. வயசாக ஆகத்தான் இந்த மனுஷனுக்கு நாக்கே முளைக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அடுத்த நாள் அதன்படி மாற்றிச் செய்வாள். கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு பேச்சு அதற்கு முன்னால் இருந்ததில்லை.

“கீரை…” என்றாள்.

“எனக்குக் கீரைன்னா உசிரு அக்கா” என்றார் வெல்டர். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் கிடந்த துண்டால் கண்ணை அழுத்தினார். “நான் முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா சாப்பாடு நின்னுடும்னும் ஒரு நெனப்பு இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது.”

திட்ட வேண்டும்போல் இருந்தது. “போய் அங்க சாப்பிடுங்க” என்றாள். அவர் தலையாட்டிவிட்டு வந்த வழியே போனார். முன்வாசலில் யாரோ ‘வெல்டரே, வாய்யா, தட்டு எடுத்துக்கோ’ என்று கூப்பிடுவது கேட்டது.

அவள் சமையலறைக்குள் வந்து கேரியரை மேடையில் வைத்தாள். காலையில் அவர் சொன்ன போதும் எந்தப் போதும் என்று யோசித்தாள். கஞ்சியா, வலியா, இல்லை ஒன்றரை வருஷத்துக்கும் சேர்த்தா? இரண்டாவது தடவை அவர் சொல்லவே இல்லை. சொல்வதற்கு அவள் இடம் வைக்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்கிட்ட என்ன பயம் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. அடித்தாளா, வைதாளா? இறங்கலடி, கஞ்சி வெச்சுக் குடு என்று ஒரு வார்த்தை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகாவது, சுவரைப் பார்த்தாவது சொல்லியிருக்கலாமே. குழைய வடித்து, வடிகட்டி, வேளாவேளைக்குக் கொடுத்திருக்க மாட்டாளா? ஒரு வாய் வார்த்தைக்கு ஓர் ஆம்பளைக்கு அவ்வளவு கஷ்டமா?

வயிறு மறுபடியும் உருண்டது.

நாத்தனார் கொண்டுவந்த பாத்திரத்தில் பாதிச் சோற்றைக் கூடத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மீதி இங்கே தட்டுப் போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் குழம்புத் தூக்கு. அவள் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போடவில்லை. போட்டால் பயந்துகொண்டு தட்டுவார்கள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, தட்டை விலக்கி, பாத்திரத்துக்குள்ளேயே குழம்பை ஊற்றி, பிசையக்கூடப் பொறுமையில்லாமல் ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். சூடு ஆறிப்போயிருந்தது. நன்றாக இருந்தது. அடுத்த கை. அதற்கடுத்த கை. நின்றுகொண்டே தின்றாள். கண்ணில் தண்ணீர் வந்து மூக்கு வழியாக இறங்கியது. அதைத் துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

கூடத்தில் பேச்சு தணிந்தது. யாரோ அவளைத் தேடுகிறார்கள். நாத்தனாரின் காலடி நடையில் வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

“உள்ளயா இருக்கே? தனியா என்னம்மா பண்றே?”

வாய் நிறையச் சோறு. மெல்லாமல் அப்படியே விழுங்கினாள். நெஞ்சில் அடைத்து, மெதுவாக இறங்கிற்று.

“ஒண்ணுமில்ல அண்ணி” என்றாள். “முகம் கழுவுறேன்.”

“சரிம்மா. மெதுவா வா. கொஞ்சம் பால் வேணா சுட வெச்சுத் தரட்டுமா? வேற ஒண்ணும் உனக்கு இறங்காது.”

“வேண்டாம் அண்ணி.”

காலடி நகரவில்லை. அவள் இடது கையை நீட்டிக் குழாயைத் திறந்தாள். தொட்டியில் தண்ணீர் சடசடவென்று விழுந்தது. வலது கையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குழாயை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டாள்.