அப்பா நின்று படித்த பலகை

வெஸ்லர் ஊரின் எல்லையில் இருபதடி உயரத்தில் ஒரு சிமெண்ட் வாத்து நிற்கிறது. அதன் காலடியில் அம்மா எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தபோது, நான் அப்பாவிடமிருந்து ஓரடி தள்ளியே நின்றேன்.

"ரோண்டா, அப்பாவை ஒட்டி நில்லுடி. அவரு கடிக்க மாட்டாரு."

"வாத்துதான் கடிக்கும்," என்றான் தம்பி கர்ட்டிஸ்.

நான் நகரவில்லை.

பிப்ரவரியிலிருந்து அப்பா செவ்வாய்க்கிழமை தோறும் சாயங்காலம் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவார். சலவைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. ஒரு செவ்வாயன்று அவருடைய பந்துப் பை கார் கொட்டகை அலமாரியில் தூசி படிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டேன். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அதற்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றும். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நாலு மாதமாக அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வருடந்தோறும் கோதுமை அறுவடைக்கு முன்னால் ஒருநாள், நெப்ராஸ்காவின் பழைய நெடுஞ்சாலையில் இப்படிச் சுற்றுவது எங்கள் வழக்கம். பாட்டில்களால் கட்டிய வீடு, ஆளுயர முள்கம்பிப் பந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இரட்டைத்தலைக் கன்றுக்குட்டி என்று எதையும் அப்பா விடமாட்டார். சரித்திரப் பலகை ஒன்று கண்ணில் பட்டால் போதும், வண்டி ஓரங்கட்டப்படும். ஆனால் உரக்கப் படிப்பது அம்மாதான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டு முடித்து, "நல்லா எழுதியிருக்கான்," என்பார் அப்பா. அவர் எப்போதும் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருவார். உணவகத்தில் அம்மா என்ன சொல்கிறாளோ அதையே தனக்கும் சொல்வார். இதையெல்லாம் நாங்கள் ஒன்றாகச் சேர்த்து யோசித்ததே இல்லை.

மூன்று மணிக்கு வண்டித்தடத்துக்கு வந்தோம். அந்தக் காலத்தில் மேற்கே போன மாட்டுவண்டிகளின் சக்கரங்கள் அறுத்த பள்ளம் புல்மேட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு வெண்கலப் பலகை. அம்மா தொண்டையைச் செருமினாள்.

"இரு, ட்வைலா," என்றார் அப்பா. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் வார்த்தைக்கு அடியில் விரலை வைத்தார்.

"இந்த... மேட்டில்... மாடுகள் சோர்ந்து... போனதால்... குடும்பங்கள்... தங்கள்... பாரத்தை... இங்கே இறக்கின." ஒவ்வொரு வார்த்தையையும் கிடங்கில் தானிய மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்தார். நாயோடு வந்த ஒரு தம்பதி பின்னால் காத்து நின்றார்கள். அவருடைய பிடரி சிவந்தது. "அடுப்பு. கடிகாரம்." விரல் நின்றுவிட்டது.

கர்ட்டிஸ் குனிந்து பார்த்தான். "தொட்..."

"சொல்லாதடா. நானே படிச்சுடறேன்."

காற்று புல்லைச் சாய்த்தது. நாய்கூட உட்கார்ந்துவிட்டது.

"தொட்டில்," என்றார் அப்பா.

படித்து முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "லைப்ரரில டிரெக்ஸ்லர் அம்மான்னு ஒருத்தங்க படிக்கச் சொல்லிக் குடுக்கறாங்க. எழுபத்தாறு வயசு. ஒரு எழுத்தை முழுங்கினாக்கூட விடமாட்டாங்க."

"செவ்வாய்க்கிழமையா?" என்று கேட்டேன்.

"ஆமா. பௌலிங் இல்ல. பொய் சொல்லிட்டேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை அப்படியே விட்டுவைத்தார்.

அம்மா மட்டும் பள்ளத்தின் ஓரத்தில் முதுகைக் காட்டி நின்றாள். "இருபத்து நாலு வருஷமா உனக்குப் படிச்சுக் காட்டினேன், ஆர்லோ. என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"உன் முன்னாடி தப்புத்தப்பாப் படிக்க வெக்கமா இருந்தது. அந்தம்மாகிட்ட அது இல்ல."

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து கையை நீட்டினாள். "சாவியக் குடு. நான் ஓட்டறேன்."

இத்தனை வருடங்களில் அப்பா ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. வண்டி கிளம்பியதும் சாலையோரப் பலகைகளைப் படிக்க ஆரம்பித்தார். "புது... முட்டை. தேன்... கிடைக்கும். நிலம்... விற்... அட, போயிடுச்சு."

"அப்பா, எல்லாத்தையுமா படிக்கப் போறீங்க?" என்று முனகினான் கர்ட்டிஸ்.

"வாய மூடுடா," என்றாள் அம்மா.

பின்னால் ஒரு லாரி விளக்கைச் சிமிட்டியது. அம்மா கண்ணாடியில் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயிற்று. தூரத்தில் சோளக்கொல்லைக்கு மேலே ஒரு மஞ்சள் பலகை மெதுவாக நெருங்கி வந்தது. அப்பா முன்னால் சாய்ந்து, ஜன்னல் கண்ணாடியில் அதன் முதல் எழுத்துக்கு அடியில் விரலை வைத்தார்.