இருபத்தாறு பேருக்கு முன்னால்

பல் டாக்டரின் கிளினிக்கில் ஆறு வருஷமாக முன்மேசையில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சீட்டக்கா. வருகிறவர்களுக்கு வரிசை எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. பெரியவர்கள் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துவிடுவார்கள். பிள்ளைகள் அப்படியா? உள்ளேயிருந்து மெஷின் சத்தம் கேட்டதும் அம்மாவின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுக்கும். சீட்டக்கா மேசையை விட்டு எழுந்து வந்து, பிள்ளைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

“உன் சீட்டுல என்ன நம்பர் போட்டிருக்கேன்? எனக்கே புரியலையே. ஒண்ணா, ஏழா?”

ஒன்றுதான், இல்லை ஏழுதான் என்று தகராறு ஆரம்பமாகும். அது தீர்வதற்குள் அழுகை நின்றிருக்கும்.

இப்படித் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவளுக்கு ஆரம்பப்பள்ளி டீச்சராக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. கிளினிக் முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக மாலை வகுப்புக்குப் போய், இரண்டு வருஷத்தில் ஆசிரியர் பயிற்சியை முடித்தாள். இனி ஏதாவது ஒரு பள்ளியில் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப் செய்தால்தான் வேலைக்கே மனுப் போட முடியும். பஸ்ஸில் நாலு நிறுத்தம் தள்ளியிருந்த பள்ளி ஒன்று, ஒரே ஓர் இடத்துக்கு விண்ணப்பம் கேட்டிருந்தது. சான்றிதழ் நகல்கள், ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம், அவள் பிள்ளைகளோடு பழகுவதைப் பார்த்த ஒருவரின் பரிந்துரை. சனிக்கிழமை கடைசி நாள்.

கடிதத்தை எழுதி அண்ணியிடம் நீட்டினாள். அண்ணிக்கு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை. தேவையில்லாத வார்த்தையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

“சிறுவயது முதலே ஆசிரியப் பணியின் மீது எனக்குத் தீராத ஆர்வம்…” என்று படித்த அண்ணி பேனாவின் மூடியைக் கழற்றினாள். “இந்தத் தீராத ஆர்வம் எல்லார் லெட்டர்லயும் இருக்கும். அடி.”

“அண்ணி!”

“குழந்தைகள் நாளைய உலகின் தூண்கள். தூணும் வேண்டாம், துரும்பும் வேண்டாம். அடி.”

கட்டிலில் படுத்திருந்த அண்ணன் தலையைத் தூக்கினான். “ரெண்டு பேரும் ஸ்கூலுக்கு எழுதறீங்களா, கோர்ட்டுக்கு எழுதறீங்களா?”

“நீங்க தூங்குங்க,” என்றாள் அண்ணி, பேனாவை நிறுத்தாமல்.

கடைசியில் நாலு வரிதான் தேறியது. “ஒரு பக்கம் கேட்டிருக்காங்க அண்ணி,” என்று சீட்டக்கா அழாக்குறையாகச் சொன்னாள்.

“நீ கிளினிக்ல என்ன பண்றேன்னு தினமும் ராத்திரி சாப்பிடறப்போ சொல்றியே, அதை எழுது. அதைக் கேட்டு எனக்கே ஒரு நாளும் அலுத்ததில்ல.”

ஒன்றுக்கும் ஏழுக்கும் நடந்த தகராறை அவள் எழுத உட்கார்ந்தாள். பக்கம் நிரம்பியதே தெரியவில்லை.

பரிந்துரைதான் இழுத்தடித்தது. டாக்டரிடம் திங்கட்கிழமை கேட்டாள். “பார்க்கலாம்மா” என்றார். செவ்வாய் கேட்டபோது கை வேலையாக இருந்தார். புதன்கிழமை இவளைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவேயில்லை என்று அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது அறைக்குள் போய் நின்றாள்.

“எழுத இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க டாக்டர். நான் வேற யாரையாவது பார்க்கறேன்.”

“வேற யாரும்மா இருக்காங்க?”

அவள் யோசித்துப் பார்த்தாள். “யாருமில்ல.”

டாக்டர் குழாயை மூடிவிட்டுத் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “எழுதாம இல்ல. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். நல்லா எழுதினா நீ போயிடுவே. சுமாரா எழுதினா அது பொய்.”

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்தார். ஐந்தாவது தடவையாக எழுதியது உள்ளே இருந்தது. பஸ்ஸில் பிரித்துப் படித்தாள். நீளமாக ஒன்றுமில்லை. ‘இவர் வேலைக்கு வருமுன் என் அறைக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இப்போது பிள்ளைகளே நடந்து வருகிறார்கள். வேறென்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.’ கீழே கையெழுத்து, முத்திரை. அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

பத்து நாளில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கூடவே இரண்டாம் வகுப்பில் பதினைந்து நிமிஷம் பாடம் எடுத்துக் காட்டவேண்டும். அட்டையில் ஒரு கடிகாரம் வெட்டி, முட்கள் சுற்றும்படி நடுவில் ஆணி குத்தி எடுத்துப் போனாள்.

வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். பின்வரிசையில் வகுப்பு டீச்சரும் தலைமை ஆசிரியையும் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்பம் நன்றாகவே இருந்தது. மூன்று மணி காட்டினாள், ஒரே குரலாகப் பதில் வந்தது. ஐந்தரை காட்டியபோதுதான் மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி மேசைமேல் தலையைக் கவிழ்த்து விசும்புவதைப் பார்த்தாள்.

சீட்டக்காவுக்குக் கால் தானாகப் போய்விட்டது. அந்த மேசையருகே தரையில் உட்கார்ந்தாள்.

“என்னடா கண்ணு?”

“எனக்கு முள்ளு பார்க்கத் தெரியாது.”

“எனக்குந்தான் குழப்பமா இருக்கு. இதுல எது குட்டை, எது நெட்டை?”

சிறுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு குட்டையைத் தொட்டாள். அது ஐந்தில் நிற்கிறதா ஆறில் நிற்கிறதா என்று இருவருக்கும் வழக்கு வந்தது. கடைசியில் சிறுமி சிரித்துக்கொண்டே, யாரும் சொல்லாமல், முட்களைத் திருப்பி நாலு மணி வைத்தாள். சீட்டக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. எழுந்து திரும்பினாள்.

வகுப்பு வகுப்பாக இல்லை. இரண்டு பேர் மேசைக்கு அடியில். நாலு பேர் ஜன்னலில். ஒருத்தன் சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு லாரியை வரைந்து முடித்து அதற்குச் சக்கரம் போட்டுக்கொண்டிருந்தான். “எல்லாரும் உட்காருங்க” என்றாள். யார் காதிலும் விழவில்லை. மணி அடித்துவிட்டது.

தலைமை ஆசிரியை தன் அறையில் அவளை உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

“அந்தப் பொண்ணுக்கு நல்லா புரிய வெச்சீங்க. ஆனா மத்த இருபத்தஞ்சு பேரு உங்க கையை விட்டுப் போயிட்டாங்க.”

“ஆமாம் மேடம்.”

“என்ன பண்ணியிருக்கணும்னு நினைக்கறீங்க?”

பயிற்சிப் புத்தகத்தில் இதற்கென்று ஒரு பாடமே இருந்தது. அவளும் அதை ஒப்பித்துத் தேறியவள்தான். இப்போது அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அந்த லாரிக்காரனுக்கு முன்னால் நிற்காது என்று தோன்றியது.

“தெரியல மேடம். அழற பிள்ளையை விட்டுட்டு நிக்கவும் எனக்கு வராது. ரெண்டையும் எப்படிச் சேர்த்துப் பண்றதுன்னு கத்துக்கத்தான் இங்க விண்ணப்பம் போட்டேன்.”

அவர் எதையோ குறித்துக்கொண்டு, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சூடாகக் காபி கலந்து வைத்தாள். அட்டைக் கடிகாரத்தை அண்ணன் வாங்கி முள்ளைச் சுற்றிப் பார்த்து, “நம்ம வீட்டுக் கடிகாரத்தை விட இது சரியா ஓடுது” என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போன் வந்தது. தலைமை ஆசிரியைதான். “மூணு மாசத்துல புது வருஷம் ஆரம்பிக்குது. முதல் நாளே வந்துடுங்க. அன்னைக்கு நேர்முகத்துக்கு வந்தவங்கள்ல பாதிப்பேரு எல்லாம் தெரிஞ்சவங்களா இருந்தாங்க. அவங்களுக்கு நாங்க என்னத்தைச் சொல்லிக் குடுக்கறது?”

சீட்டக்கா போனை வைக்கவில்லை. “மேடம், புதன்கிழமை மதியத்துல எனக்கு லீவு. அதுவரைக்கும் சும்மா வந்து பின்னாடி உட்கார்ந்து பார்க்கலாமா?”

டாக்டரிடம் சொன்னபோது அவர் முகக்கவசத்தைக் கழற்றாமலே, “புதுசா வர்ற ஆளுக்கு நீதாம்மா பழக்கிக் குடுத்துட்டுப் போகணும். தரையில உட்கார்றதையும் சேர்த்து” என்றார்.

முதல் புதன்கிழமை அவள் ஒன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில், முழங்கால் மேசையில் இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதிப் பாடத்தில் ஒரு பையன் ரப்பரைத் தொலைத்துவிட்டு அழ ஆரம்பித்தான். வகுப்பு டீச்சர் அவனிடம் உடனே போகவில்லை. “எல்லாரும் கண்ணை மூடுங்க. ரோட்டுல எத்தனை வண்டி போகுதுன்னு எண்ணிச் சொல்லுங்க” என்றார். இருபத்தைந்து ஜோடிக் கண்கள் இறுக மூடின. அதற்குப் பிறகுதான் அவர் அவன் பக்கத்தில் போய்க் குனிந்தார். ஒன்பது வண்டி போவதற்குள் ரப்பர் கிடைத்துவிட்டது. சீட்டக்கா நோட்டில் வேகவேகமாக எழுதினாள்.

முன்னால் இருந்த சிறுமி திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க புதுசா?”

“ஆமா.”

“ஏன் இவ்வளவு பெருசா இருக்கீங்க? ஃபெயிலாயிட்டீங்களா?”

“இல்லடா. லேட்டா சேர்ந்திருக்கேன்.”

சிறுமிக்கு அது நியாயமாகப் பட்டது. தன் பென்சில் டப்பாவிலிருந்து நன்றாகச் சீவிய ஒன்றை எடுத்துப் பின்மேசையில் வைத்துவிட்டு, முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.